ஊற்றும் முன் உற்றுப் பாருங்கள்: குழந்தையின் கண், காது, மூக்கு, தொண்டை

முதல் குழந்தை பிறந்த வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. கண்ணில் பூளை தள்ளினால் தாய்ப்பால் பீய்ச்சச் சொல்வார் ஒருவர். காது வலித்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்வார் இன்னொருவர். குளிப்பாட்ட வரும் ஆயா மூக்கிலும் காதிலும் ஊதுவார், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பார். எல்லாருமே பாசத்தில் செய்கிறவர்கள்தான். ஆனால் சேலத்தில் குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்த்த காலத்தில் எனக்கு நன்றாக உறைத்த விஷயம் இது: குழந்தையின் கண், காது, மூக்கு, தொண்டையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடுகின்றன. கெடுதல் வருவது நாம் உள்ளே ஊற்றுவதாலும் நுழைப்பதாலும், காத்திருக்கவே கூடாத சில நோய்களுக்குத் தாமதமாகக் கிளம்புவதாலும்தான். புதிதாக அம்மா அப்பா ஆனவர்களுக்கும், அங்கன்வாடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் குழந்தையை முழுதாகப் பாருங்கள்

காது வலி என்று வந்தாலும் கண் சிவப்பு என்று வந்தாலும் அந்த இடத்துக்கு நேராகப் போகாதீர்கள். குழந்தை பால் குடிக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, வழக்கம்போல் மூத்திரம் போகிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது என்று பாருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி அல்ல, நெஞ்சைப் பார்க்க வேண்டிய கேஸ். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் காரணம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் கண், மூக்கு, காது, கடைசியாகத் தொண்டை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தொண்டையைப் பார்த்ததும் குழந்தை அழ ஆரம்பித்துவிடும், அழுத குழந்தைக்குக் கண்ணும் மூக்கும் காதும் சிவந்துதான் இருக்கும். அதன்பிறகு எதைப் பார்த்தும் ஒன்றும் புரியாது. பகல் வெளிச்சம் வரும் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ அம்மா மடியில் உட்கார வையுங்கள். அம்மாவின் ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்திருக்கட்டும், இன்னொரு கை நெற்றியைத் தன் மார்போடு பிடித்திருக்கட்டும். ஒரு சின்ன டார்ச் போதும்.

பார்த்து முடித்ததும் மனதில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வீட்டிலேயே பார்க்கலாம், நாளைக்குள் டாக்டரிடம் காட்டணும், இப்போதே கிளம்பணும். ஏற்காட்டுக்காரர்கள் இதில் இன்னொரு கணக்கும் போட வேண்டும். மலையிலிருந்து சேலம் வர 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, 20 கொண்டை ஊசி வளைவு. நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் என்றால் ஏற்காடு வருவதற்கே நேரம் ஆகும். ராத்திரி மூடுபனி இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் வரும். அதனால் "காலையில் பார்த்துக்கலாமா" என்ற சந்தேகம் சாயங்காலம் வந்தால், மலையில் இருப்பவர்கள் இருட்டுவதற்குள் ஏற்காடு அரசு மருத்துவமனையிலாவது காட்டிவிடுவது நல்லது.

காது

சளி பிடித்து மூன்று நாலு நாள் கழித்து, நடுராத்திரியில் குழந்தை வீறிட்டு அழுதால் பெரும்பாலும் காதுதான். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுத்த வாக்கிலும் இருக்கும். சளியில் அது அடைத்துக்கொண்டு, உள்ளே நீர் தேங்கி, செவிப்பறை உப்பும். படுத்தால் வலி கூடும் என்பதால் ராத்திரியில் அழுகை அதிகம்.

பேசத் தெரிந்த குழந்தையிடம் காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுத்தால் துடிக்கிறது என்றால் வெளிக்காதுத் துவாரத்தில் புண். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி விளையாடும் பிள்ளைகளுக்கு இது வரும். இழுத்தால் ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே வலிக்கிறது, கூடவே சளியும் காய்ச்சலும் என்றால் நடுக்காது. இரண்டுக்குமே வைத்தியம் வேறு. இரண்டிலுமே எண்ணெய்க்கு வேலை இல்லை.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கிடையாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் சுமார் 6 மில்லி. 5 மில்லியில் 250 இருக்கும் சிரப் என்றால் 3 மில்லிதான். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், ஆகவே ஒன்றரை மில்லி. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்ற கணக்கு இங்கே ஆபத்து. பாட்டிலில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, கூட வரும் அளவு மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

இரண்டு வயது தாண்டிய குழந்தை, ஒரு காதில் மட்டும் லேசான வலி, பெரிய காய்ச்சல் இல்லை என்றால், டாக்டரே இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று சொல்லலாம். ஆன்டிபயாடிக் எழுதவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், அவர் சரியாகத்தான் செய்கிறார். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் பாதிப்பு, சீழ் வடிதல், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இதில் எது இருந்தாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஆரம்பித்தால் டாக்டர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். வலி நின்றதும் பாட்டிலை மூடி வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

சீழ் வடிந்தால் காதைக் காயவைப்பதுதான் வைத்தியத்தில் பாதி. இதை நிதானமாகச் சொல்கிறேன். துவைத்து வெயிலில் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியில் ஒரு துண்டு கிழித்து, விளக்குத் திரி போல் முறுக்குங்கள். நுனி மெத்தென்று இருக்கட்டும். குச்சி எதுவும் சேர்க்க வேண்டாம். காது மடலைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்து, திரியின் நுனியை வாசலில் மெதுவாக வைத்து, ஈரம் ஏறும் வரை விட்டுவிடுங்கள். நனைந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி. திரி காய்ந்து வெளியே வரும் வரை இப்படியே. ஒரு நாளைக்கு மூன்று தடவை. பஞ்சை அடைத்து மூடி வைக்கக் கூடாது, குளிக்கும்போது தண்ணீர் போகக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினால் அது நாள்பட்ட காது நோய், காது மூக்கு தொண்டை டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். "வளர வளரச் சரியாயிடும்" என்று விட்ட காதுகளில் செவிப்பறை ஓட்டையாகவே நின்றுபோய், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதுவும் கேட்காத பிள்ளையாக ஆனவர்கள் உண்டு.

காதுக்குப் பின்னால் எலும்பு மேல் வீங்கி, மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் இப்போதே கிளம்புங்கள். கிருமி எலும்புக்குள் போயிருக்கிறது, அடுத்தது மூளைதான்.

குறும்பியை எடுக்க பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும் வேண்டாம். அது தானே வெளியே வரும். பூச்சி புகுந்துவிட்டால், காதில் ஏற்கெனவே சீழ் இல்லை என்றால், வெதுவெதுப்புகூட இல்லாத சாதாரண எண்ணெய் நாலு சொட்டு விட்டால் அது அடங்கும், அப்புறம் டாக்டர் எடுப்பார். காதில் எண்ணெய்க்கு நான் சம்மதிப்பது இந்த ஒரு இடத்தில்தான். பட்டாணி, புளியங்கொட்டை என்றால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்து இறுகிவிடும். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் வட்ட பேட்டரி காதிலோ மூக்கிலோ போயிருந்தால் ஒரு மணி நேரம்கூட வீண் செய்யக் கூடாது. அது ஈரம் பட்டதும் சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். எதுவும் ஊற்றாமல் நேராக ஆஸ்பத்திரி.

மலைப்பாதையில் இறங்கும்போது குழந்தை காதைப் பிடித்து அழுவது வேறு கதை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறை உள்பக்கம் அமுங்குகிறது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி. விழுங்கினால் குழாய் திறந்து சரியாகும். ஆகவே கடைசிப் பாலை ஏற்காட்டிலேயே கொடுத்துத் தூங்க வைக்காமல், இறங்கும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரிய பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் போதும். வளைவுகளில் வண்டி ஆடும்போது மிட்டாய், கடலை எதுவும் வாயில் வேண்டாம். பலத்த சளி இருக்கும் நாளில் சுற்றிப் பார்க்க மலை ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள்.

காது கேட்கிறதா என்பதை வலி சொல்லாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பிறந்த குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடணும். ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பணும். ஒரு வயதில் பேர் சொன்னால் பார்க்கணும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நம் பக்கம் சகஜம். சொந்தத்தில் கட்டியவர்கள் வீட்டில் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்புக் கூடுதல். ஆகவே பிறந்த முதல் மாதத்துக்குள் காதில் சின்னக் கருவி வைத்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வலியே இல்லாத சோதனை. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கணும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கெடு. உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. "எங்க வீட்டில் எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம்" என்று சொல்லி அந்த வயதைத் தாண்டவிட்டால் இழப்பு குழந்தைக்கு.

கண்

பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் வீங்கிச் சீழ் தள்ளினால் அன்றைக்கே காட்டணும். பிரசவ வழியில் ஒட்டிய கிருமியாக இருந்தால் கருவிழியையே அழித்துவிடும். தாய்ப்பால் குடிப்பதற்கு மட்டும்தான்.

கண் வெள்ளையாக, சிவப்பே இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் சதா நீர் ஒழுகினால் கண்ணீர்க் குழாய் இன்னும் திறக்கவில்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துவிடும். நகம் வெட்டி, கை கழுவி, கண்ணின் மூக்கோர மூலையில் சுண்டுவிரலை வைத்து, மூக்குப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்தி இறக்குங்கள். தினம் மூன்று நாலு வேளை, வேளைக்கு ஐந்தாறு முறை. ஆனால் நீர் ஒழுகுவதோடு வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கி மூடுகிறது, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிகிறது என்றால் அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். "எவ்வளவு பெரிய கண்ணு" என்று சொந்தக்காரர்கள் கொஞ்சும் குழந்தையை ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். துண்டு, தலையணை, கை இவைதான் வழி. ஈரத் துணியால் பூளையைத் துடைத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, பள்ளிக்கு லீவு போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில்தான் எனக்குப் பயம். உடனே சிவப்பு போகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. வெயில் காலத்தில் கண் அரித்து அரித்துத் தேய்க்கும் அலர்ஜிப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் அதையே போட்டு, கண் அழுத்தமும் கண்புரையும் வாங்கிக்கொள்கிறார்கள். காப்பித் தோட்டத்துக் குச்சி, நெல் உமி, கதிர் குத்திய கண்ணில் பூஞ்சை பிடிக்கும். அதற்கும் ஸ்டீராய்டு விட்டால் கண்ணே போகலாம். கண் வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, பார்வை மங்குகிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது.

டாக்டர் எழுதிய மருந்தை விடும் விதம்: குழந்தையைப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். திறக்கும்போது உள்ளே போய்விடும். இமையைப் பிரித்துப் போராட வேண்டியதில்லை. திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது.

நான்கு மாதம் வரை குழந்தையின் கண் அவ்வப்போது ஓரமாக ஒதுங்குவது இயல்பு. அதற்கு மேலும் ஒதுங்கினால் மாறுகண். அது அதிர்ஷ்டமும் இல்லை, தானே போவதும் இல்லை. ஒதுங்கிய கண்ணை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும், அதுதான் சோம்பேறிக் கண். ஒரு கண்ணைக் கையால் மூடினால் பேசாமல் இருக்கிறது, இன்னொன்றை மூடினால் கையைத் தட்டிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். நல்ல கண்ணை மறைத்து மற்றதை வேலை வாங்கும் சிகிச்சை ஏழெட்டு வயதுக்குள் நன்றாகப் பலிக்கும். கண்மணியில் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி ஒளி அடித்தால், அது ஃபிளாஷ் போட்ட செல்போன் போட்டோவில் ஒரு தடவை மட்டும் தெரிந்தாலும், அதே வாரத்தில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பின்னதில் தாமதம் உயிரைக் கேட்கும்.

சேலத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. வீட்டோடு வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்கள் அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாட்டியின் வெற்றிலைப் பையில் இருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கினால் நேராகக் கண்ணில் பீய்ச்சும். எருக்கம்பாலும் அப்படியே. இதில் எது பட்டாலும் வண்டி தேடி ஓடாமல் முதலில் குழாயடிக்கு ஓடுங்கள். சுண்ணாம்புத் துணுக்கு தெரிந்தால் ஈரத்துணி நுனியால் எடுத்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குழந்தை கத்தட்டும். அந்த அரை மணி நேரம்தான் பார்வையைக் காப்பாற்றுவது. மாறாக, கூர்மையானது ஏதாவது குத்தியிருந்தால் கழுவவும் அழுத்தவும் பிடுங்கவும் கூடாது. பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

9-ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயது வரை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள். அந்தியில் தட்டுத் தடுமாறி நடக்கும் பிள்ளைக்கு முருங்கைக்கீரையோடு டாக்டரும் தேவை.

மூக்கு

சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கமானதுதான். ஏழு முதல் பத்து நாள் இருக்கும். மூன்றாம் நாள் பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பால் கொடுக்கும் முன் சலைன் சொட்டு விட்டு மூக்கைத் துடைத்துவிடுங்கள், போதும். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறியது என்றால் காட்டுங்கள்.

சளி, இருமல் சிரப் நாலு வயதுக்குள் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஒரு வயது தாண்டியிருந்தால் அரை ஸ்பூன் தேன் இருமலுக்கு நல்லது, அதற்குள் தேன் கூடாது. கற்பூரம் கரைத்த எண்ணெயை நெஞ்சில், மூக்கில் தடவுவதை விட்டுவிடுங்கள், வலிப்பு வரலாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோன குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் சில்லு மூக்கு உடைந்தால் தலையை அண்ணாத்தாதீர்கள். உட்கார வைத்து, முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பாகத்தைக் கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு முறை அழுத்தியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால் உள்ளே மணியோ ஸ்பாஞ்சோ இருக்கிறது. வாய் திறந்து தூங்கி, குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கு அடினாய்டு, அதாவது மூக்கின் பின்பக்கச் சதை, வீங்கியிருக்கிறதா என்று பார்க்கணும்.

தொண்டை

தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸ். இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் சேர்ந்திருந்தால் அநேகமாக அதுதான். வெதுவெதுப்பான கஞ்சியும் பாராசிட்டமாலும் போதும். இருமலே இல்லை, காய்ச்சல் அதிகம், டான்சில் சிவந்து வெள்ளை படிந்திருக்கிறது, கழுத்தில் நெறி கட்டி வலிக்கிறது, வயது ஐந்திலிருந்து பதினைந்துக்குள் என்றால் ஸ்ட்ரெப் என்ற கிருமியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் பத்து நாள் முழுக்க வேண்டும். காரணம் தொண்டை அல்ல, இதயம். அரைகுறையாக விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும்.

டான்சிலை எடுத்துவிடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு வருஷத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருஷமாக வருஷத்துக்கு ஐந்து, மூன்று வருஷமாக வருஷத்துக்கு மூன்று, இந்தக் கணக்கில் காய்ச்சலோடு வந்தால்தான் பேச்சு. அல்லது தூக்கத்தில் மூச்சு அடைத்தால்.

சாம்பல் நிறத் தோல் போல் தொண்டையில் படிந்து, கழுத்து வீங்கியிருந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். 6, 10, 14 வாரத்தில் போட்ட ஊசியோடு நிறுத்திவிடாமல், ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி போடச் சொல்வது இதற்காகத்தான்.

எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுகிறது, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுகிறது, மூச்சை இழுக்கும்போது கர்ரென்று சத்தம் வருகிறது என்றால் ஸ்பூன் வைத்து வாயைத் திறந்து பார்க்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். அம்மா மடியிலேயே உட்கார்ந்தபடி 108-இல் ஏற்றுங்கள். தொக்கம் எடுக்கிறேன், உள்நாக்கை ஊதி ஏற்றுகிறேன் என்று வருகிறவர்களிடம் அப்போது மட்டுமல்ல, எப்போதுமே கொடுக்க வேண்டாம். கடலை, பொட்டுக்கடலை மாட்டிச் சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்குள் என்றால் தலை கீழே இருக்கும்படி முன்கையில் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. பெரிய பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டிவிட்டு, பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் கை கோர்த்து உள்ளும் மேலுமாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

கிளம்பும்போது

தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்த சிரப், சொட்டு மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் பாட்டிலோடு பையில் போடுங்கள். "சிவப்பு மருந்து" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. குறட்டை, மூச்சுச் சத்தம், கண் ஒதுங்குவது எல்லாம் டாக்டர் முன்னால் வராமல் போகும், செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள், கண், காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் எல்லாமே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். காதில் ஏதாவது ஊற்றியிருந்தால் என்ன ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால், செவிப்பறையைப் பார்ப்பதற்கே அரை நாள் வீணாகும்.